கவலையும் கமலையும்: ஒரு நீரிறைப்புச் சொல்லின் பொருளும் வழக்கும்

மாடுகளைப் பூட்டிக் கிணற்று நீரை மேட்டுக்கு ஏற்றும் அமைப்பைக் கொங்கு நாட்டாரும் சேலம், வேலூர் போன்ற வடபகுதியாரும் கவலை என்று வழங்க, மதுரை தொடங்கித் தெற்கே திருநெல்வேலி வரையுள்ளோரும் கரிசல் காட்டாரும் கமலை என்று வழங்கினர். ஓரெழுத்து வேறுபாட்டுடன் நிற்கும் இவ்விரு வடிவங்களும் ஒரே பொருளைக் குறிப்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொருள் எது என்ற கேள்விக்கு எழுதப்பட்டவற்றில் கிடைக்கும் விடை நிறைவு தருவதாக இல்லை. பொது அகராதிகள் பெரும்பாலும் ‘நீர் இறைக்கும் கருவி’ என்றோ ‘ஏற்றம்’ என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. முதல் விளக்கம் குறுகியது, இரண்டாவது பிழையானது. சொல்லின் பிறப்பு, ஒலி வேறுபாடு, வட்டார எல்லை, வழக்காற்றில் அது ஏற்ற விரிபொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலன்றி இந்தக் குறைபாடு விளங்காது.

ஏற்றத்திலிருந்து கவலையைப் பிரித்தறிவது முதல் தேவை. ஏற்றம் நெம்புகோல் வகையைச் சேர்ந்தது. நட்ட காலின் மேல் குறுக்கே ஊசலாடும் நீண்ட மரத்தின் ஒரு முனையில் கழியும் சாலும் தொங்க, அம்மரத்தின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து தம் உடல் எடையால் அதைத் தாழ்த்தியும் உயர்த்தியும் நீர் இறைப்பர். கீழே நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலை நீருக்குள் செலுத்தியும் மேலே கவிழ்த்தும் உதவுவார். மாட்டுக்கு அதில் வேலை இல்லை. மரத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுக்குள் நீர் இருந்தாக வேண்டும் என்பதால், ஆற்றங்கரை, குளக்கரை, வாய்க்கால் ஓரம், ஆழமில்லாத கிணறு ஆகியவையே அதற்கு ஏற்ற இடங்கள். யாழ்ப்பாணத்தில் இதன் இணையான அமைப்புக்குத் துலா என்று பெயர். அங்கே துலா மிதிப்பது தோட்ட வேலையின் அன்றாடப் பகுதியாக இருந்தது. கவலையோ கயிறும் உருளையும் மாடும் சேர்ந்த இழுப்பு அமைப்பு. நீர் கீழே போகப் போகக் கயிற்றை நீட்டிக்கொள்ளலாம் என்பதால் பாறையை உடைத்துத் தோண்டிய ஆழ்கிணறுகளுக்கு அதுவே துணை. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது, கலப்பையையும் மண்வெட்டியையும் இரண்டும் மண்ணைக் கிளறுகின்றன என்பதற்காக ஒன்றாக்குவதைப் போன்றது. ‘கவலை ஏற்றம்’ என்ற கூட்டுச் சொல் எழுத்தில் அவ்வப்போது தென்படுவது உண்மையே. ஆயினும் அங்கே ஏற்றம் என்பது ஏற்றுதல் என்னும் பொதுப்பொருளில் நிற்கிறதே தவிர, மிதித்து இறைக்கும் ஏற்ற மரத்தைச் சுட்டவில்லை.

கவலையின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லின் பொருளைப் பேச முடியாது. கிணற்றின் விளிம்பில், நீர்ப்பக்கம் சற்றே சாய்ந்தாற்போல் இரண்டு கால்கள் நிற்கும். அவை கல்லாகவோ உறுதியான மரமாகவோ இருக்கும். அவற்றின் உச்சியில் குறுக்காகப் பொருத்திய பெரிய உருளை ஒன்று சுழலும். இடத்துக்கு இடம் அதற்குக் கப்பி, சகடை என்று வேறு பெயர்களும் உண்டு. விளிம்பை ஒட்டித் தாழ்வாக இன்னொரு உருளை, நீளவாட்டில் கட்டைபோல் கிடக்கும். நீர் மொள்ளும் கலத்துக்குச் சால் என்றும், கூனை என்றும், பறி என்றும் பெயர்கள் வழங்கின. முற்காலத்தில் முழுவதும் தோலால் தைத்திருந்த அது பிற்காலத்தில் இரும்புத் தகட்டுக் கலமாக மாறிய பின்னும் அதன் அடியில் தோலால் ஆன ஒரு குழாய் மட்டும் மாறாமல் தொடர்ந்தது. யானையின் துதிக்கையைப் போல் நீண்டு தொங்கும் அந்தக் குழாயைத் தும்பி என்றும் வால் என்றும் சொல்வர். மாட்டின் நுகத்தில் கட்டிய தடித்த கயிறு, அதாவது வடம், மேலுருளை வழியாகச் சென்று சாலின் வாயைப் பிடித்திருக்கும். மெல்லிய கயிறு, அதாவது வால்கயிறு, கீழுருளை வழியாகச் சென்று தோல்குழாயின் நுனியைப் பிடித்திருக்கும்.

இந்த இரு கயிறுகளின் நீள வேறுபாட்டில்தான் கவலையின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மாடுகள் பின்னோக்கி நடந்து கிணற்றை நெருங்கும்போது இரு கயிறும் ஒன்றாகத் தளர, சால் கீழே இறங்கி நீரில் அமிழ்ந்து நிறையும். மாடுகள் முன்னோக்கிச் சரிவில் இறங்கத் தொடங்கியதும் இரு கயிறும் ஒன்றாக இழுபட, தோல்குழாய் மடங்கி அதன் நுனி சாலின் வாய்மட்டத்துக்கு நிமிர்ந்தபடியே வரும். ஆகவே வழியில் ஒரு துளியும் குழாய் வழியே ஒழுகாது. சால் விளிம்பை எட்டியதும் நிலை மாறுகிறது. வடம் உயரத்தில் உள்ள உருளையைத் தாண்டுவதால் சால் மேலேறிக்கொண்டே போக, வால்கயிறு தாழ்வில் உள்ள உருளையைத் தாண்டுவதால் குழாயின் நுனி கிடைமட்டமாக வெளியே இழுபட்டுத் தொட்டிக்குள் நீள்கிறது. சாலை விடக் குழாய் தாழ்ந்துவிடுவதால் நீர் முழுவதும் தானே கொட்டிவிடுகிறது. கிணற்றோரம் நின்று சாலைக் கவிழ்க்க ஓர் ஆள் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. ஒரு சாலுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 லிட்டர் வரை நீர் வரும் என்று கொண்டால், பகல் முழுவதும் ஓடும் ஒரு கவலை கைமிதிப்பு ஏற்றத்தோடு ஒப்பிட முடியாத ஆழத்திலிருந்து எவ்வளவு நீரை நிலத்துக்குத் தருகிறது என்பது புலனாகும்.

மாடுகள் இறங்கும் சரிவுப் பாதையே அமைப்பின் பாதி. அதை வாரி என்பர். கவலைத் தடம் என்போரும் உண்டு. கிணற்று விளிம்பில் உயர்ந்தும் அங்கிருந்து விலக விலகத் தாழ்ந்தும் இருக்குமாறு மண்ணைக் குவித்தும் தோண்டியும் இதை அமைப்பார்கள். இறங்குமுகமாக இழுப்பதால் மாட்டின் எடையும் இழுப்புக்குத் துணையாகிறது. ஓட்டுபவர் வடத்தின் மேல் ஏறி அமர்ந்து தம் எடையையும் சேர்த்துவிடுகிறார். வாரியின் முடிவில் இறங்கி, மாடுகளைப் பின்னோக்கி மேலேற்றி, மறுபடி சால் நிறைந்ததும் வடத்தில் அமர்வது என்பது ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நிகழும் செயல். பின்னோக்கி ஏற மாட்டைப் பழக்குவது எளிய காரியமன்று. உழவுக்கும் வண்டிக்கும் நன்றாக உதவும் மாடு கவலைக்கு ஆகாமல் போவதும் உண்டு என்பதால், கவலைக்குப் பழகிய மாடு என்பது சந்தையில் தனித் தகுதியாகப் பேசப்பட்டது. இரண்டு ஜோடி மாடுகள் உள்ள இடத்தில், கீழே வந்த ஜோடியின் வடத்தைக் கழற்றிவிட்டு முன்முகமாகவே சுற்றி மேலேற்றும் முறையும் இருந்தது. சாலைக் கிணற்றின் அடிமட்டத்திலிருந்து மேலே கொண்டுவர மாடு அதே தொலைவு நடக்க வேண்டும்; எனவே கிணற்றின் ஆழம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு நீளம் வாரிக்கும் வேண்டும். ஒரு ஊரின் வாரிகளைப் பார்த்தே அங்கே நீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று சொல்லிவிடலாம்: நிலத்துக்குள் நிற்கும் ஆழம் நிலத்தின் மேல் படுத்துக் கிடக்கும்.

மேற்கண்ட உறுப்புகளில் எதுவும் தனித்துக் கவலை ஆகாது. சால் மட்டும் கவலை அன்று, கால்கள் மட்டும் கவலை அன்று, வாரி மட்டும் கவலை அன்று. வழக்காற்றில் இச்சொல்லோடு சேரும் வினைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. கவலை பூட்டுவது, கவலை ஓட்டுவது, கவலை இறைப்பது என்ற மூன்றும் ஒரே வேலையின் மூன்று முகங்கள். பூட்டுவது மாட்டையும் வடத்தையும் இணைப்பதையும், ஓட்டுவது மாட்டின் போக்குவரத்தையும், இறைப்பது நீர் வெளிவருவதையும் முன்னிறுத்துகின்றன. ஒரு கருவியின் பெயர் ‘பூட்டு’ என்னும் வினையையும் ‘ஓட்டு’ என்னும் வினையையும் ஒருசேர ஏற்பது அது கருவி என்ற நிலையைக் கடந்து ஒரு செயல்முறையின் பெயராகிவிட்டதற்கு அடையாளம். ஏர் என்ற சொல்லும் இப்படித்தான்: ஏர் பூட்டலாம், ஏர் ஓட்டலாம்; மரக்கலப்பையும் மாடும் ஆளும் சேர்ந்த முழுமை அது. அகராதி செய்வோர் ஏருக்குக் கலப்பை என்று மட்டும் பொருள் எழுதித் திருப்தி அடைவதில்லை. கவலைக்கு மட்டும் அந்த அக்கறை கிட்டவில்லை.

இந்தச் செயற்பொருளிலிருந்து இச்சொல் இன்னும் ஒரு படி நகர்ந்து அளவுப் பெயராகவும் ஆனது. ஒரு கவலைக் கிணறு, இரண்டு கவலைக் கிணறு, நான்கு கவலைக் கிணறு என்று கிணற்றைச் சுட்டும் வழக்கு கொங்கு நாட்டில் பரவலானது. தெற்கே இரட்டைக் கமலைக் கிணறு என்பது அதற்கு ஒப்பு. ஒரே நேரத்தில் எத்தனை ஜோடி மாடுகளைப் பூட்டி இறைக்க முடியும் என்பதே இந்த எண்ணின் நேர்ப்பொருள். ஆனால் அந்த எண்ணுக்குள் கிணற்றின் அகலம், ஊற்றின் வலிமை, சுற்றியுள்ள பாசனப் பரப்பு, உரிமையாளரின் கால்நடை வசதி ஆகிய நான்கும் ஒளிந்திருக்கின்றன. நான்கு கவலைக் கிணறு வைத்திருப்பவர் என்றால் அவருடைய செல்வநிலை கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும். நிலத்தின் பரப்பைச் சொல்வதைவிட அது துல்லியமான செய்தி, ஏனெனில் வானம் பார்த்த காடு எவ்வளவு இருந்தாலும் நீர் எட்டாவிட்டால் அது தோட்டம் ஆவதில்லை. கொங்கு வழக்கில் வயல், தோட்டம், காடு என்பவை வேறு வேறு: வாய்க்கால் நீர் பாய்வது வயல், கிணற்று நீர் பாய்வது தோட்டம், மழையை நம்பியது காடு. இவற்றுள் தோட்டம் என்னும் பிரிவை உண்டாக்கியதே கவலைதான் என்று சொல்வது மிகையாகாது.

அளவுப் பெயரிலிருந்து உரிமைப் பெயருக்கு ஒரு அடியே தொலைவு. தந்தையின் கிணறு மக்களுக்குள் பங்காகும்போது கிணற்றை வெட்டிப் பிரிக்க இயலாது. நேரத்தைத்தான் பிரிக்க முடியும், அல்லது கவலை பூட்டும் இடத்தைப் பிரிக்க முடியும். அதனால் நிலப் பத்திரங்களில் கிணற்றுப் பங்கோடு கவலை இறைக்கும் பாத்தியம், கமலைத் தடம், மாடு போய்வரும் பாதை என்பவை தனித்தனியே எழுதப்பட்டன. பாத்தியம் என்பது பயன்படுத்தும் உரிமை. பத்திரம் எழுதுபவர் ‘மாமூல்’ என்ற அடைமொழியைச் சேர்ப்பது வழக்கம். நெடுநாளாக இருந்துவரும் உரிமை புதிதாகக் கேட்கப்படுவது அன்று என்பதை அது உறுதிப்படுத்துகிறது. பங்காளிகளுக்குள் வரும் சச்சரவு பெரும்பாலும் நீரை ஒட்டியதாக இல்லாமல் வாரியை ஒட்டியதாக அமைந்ததற்குக் காரணமும் இதுவே: நீர் ஊறிக்கொண்டிருக்கும், வாரியோ ஒருவர் நிலத்தில்தான் கிடந்தாக வேண்டும்.

இனி வடிவ வேறுபாடு. கவலை, கமலை என்ற இரண்டில் எது முந்தியது என்ற கேள்விக்குத் தமிழ் ஒலியமைப்பே ஒரு பகுதி விடை தருகிறது. வகரமும் மகரமும் பேச்சில் இடம் மாறுவது தமிழில் புதிதன்று. வானம் மானம் ஆவதும், விழுங்கு முழுங்கு ஆவதும், விழி முழி ஆவதும் எல்லோரும் அறிந்தவை. இவற்றிலெல்லாம் வகரம் எழுத்து வழக்கிலும் மகரம் பேச்சிலும் நிற்பதால், கவலை முந்தியது, கமலை அதன் பேச்சுத் திரிபு என்று கொள்ளத் தோன்றும். ஆனால் மேற்கண்டவை சொல்முதலில் நிகழும் மாற்றங்கள், இதுவோ சொல்லிடையில் நிகழ்ந்தது என்ற வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. மேலும் தெற்கே கமலை என்பது கொச்சை என்ற உணர்வு யாருக்கும் இல்லை. அங்கே அதுவே திருத்தமான சொல். எனவே இதைத் திரிபு என்று சொல்வதைவிட வட்டார இணைவடிவம் என்று சொல்வது பொருத்தம். எல்லைக்கோடு என ஒன்றை நிலப்படத்தில் கிழித்துக்காட்டவும் இயலாது. இரு வழக்குகளும் சந்திக்கும் இடைநிலங்களில் மணவுறவும் மாட்டுச் சந்தையும் சொல்லை இருபுறமும் கொண்டு சென்றதால் இரு வடிவங்களும் கலந்தே புழங்கின.

மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. கபிலை என்பதையும் தமிழகராதிகள் இப்பொருளில் பதிவு செய்துள்ளன. இது வேர்ச்சொல் ஆராய்ச்சியை வேறு திசைக்குத் திருப்புகிறது, ஏனெனில் தெலுங்கில் இதே அமைப்புக்குக் கபில என்றும் கன்னடத்தில் கபிலெ என்றும் பெயர். 1800–1801 ஆண்டுகளில் மைசூர், கோவை, மலபார்ப் பகுதிகளில் பயணம் செய்து 1807 இல் தம் பயண நூலை வெளியிட்ட பிரான்சிஸ் புகானனும் மாடு பூட்டி இறைக்கும் இவ்வமைப்பைக் கபிலி என்ற ஒலியோடுதான் குறிக்கிறார். தமிழுக்குள் வரும் பகரம் உயிர்களுக்கிடையே வகரமாவது நன்கு அறியப்பட்ட நெறி: கபாடம் கவாடம் ஆயிற்று, பாபம் பாவம் ஆயிற்று, தபம் தவம் ஆயிற்று. அதே நெறியில் கபிலை கவலை ஆகியிருக்கலாம், அங்கிருந்து தெற்கே கமலை ஆகியிருக்கலாம்.

இதற்கு எதிரான விளக்கமும் வலுவற்றதன்று. தமிழில் கவை, கவர், கவட்டை, கவண் என்ற சொற்குடும்பம் பிளவுபட்ட, இரண்டாகப் பிரிந்த வடிவத்தைக் குறிக்கிறது. கிணற்றோரம் நிற்கும் இரு கால்களும் இரு கயிறுகளும் அந்தப் பொருளுக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. கவலை என்ற சொல்லே பழந்தமிழில் பிரிந்து செல்லும் கிளைவழியைக் குறித்திருக்கிறது. இவ்விளக்கத்தை ஏற்றால் கபிலை என்பது வடமொழியறிவுடையோர் பசுவின் பெயரான கபிலையோடு இணைத்துத் திருத்திய வடிவம் என்றாகும். மாடு இழுக்கும் அமைப்புக்கு மாட்டின் பெயர் வந்தது என்று சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவலை இழுப்பவை எருதுகள், கபிலை என்பதோ செந்நிறப் பசு. இந்த இடறலை அவ்விளக்கம் சொல்பவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. எனினும் கவை என்னும் வேரிலிருந்து தொடங்கினால் தெலுங்கிலும் கன்னடத்திலும் பகரம் ஏன் வந்தது என்பதற்கு விடை வேண்டும். வகரத்தில் தொடங்கிய சொல் இரண்டு அண்டை மொழிகளில் தனித்தனியே பகரம் பெறுவதைவிட, பகரத்தில் தொடங்கிய சொல் தமிழில் மட்டும் தமிழுக்குரிய நெறிப்படி வகரம் பெறுவதே எளிய விளக்கம். ஆகவே பகர வடிவமே முந்தியது என்னும் பக்கம் சான்று சற்றுச் சாய்கிறது. கவை என்னும் வேரோடு ஒப்புமை காட்டுவது பின்னாளில் மக்கள் மனம் செய்துகொண்ட பொருத்தமாக இருக்கக்கூடும்.

மனத்துயரைக் குறிக்கும் கவலையோடு இதை இணைத்துப் பேசும் சுவையான பேச்சு நெடுநாளாக உண்டு. விடியலுக்கு முன் எழுந்து பகலெல்லாம் மாட்டோடு முன்னும் பின்னும் நடப்பவனின் கவலையே கருவிக்குப் பெயராயிற்று என்பது கேட்போரைச் சிரிக்க வைக்கும் விளக்கம். சொல்லாராய்ச்சியில் அதற்கு இடமில்லை. அகராதியில் கவலை என்ற தலைப்பின் கீழ் துயரம், கிளைவழி, ஒரு வகைக் கிழங்குக்கொடி ஆகியவை அடுத்தடுத்து நிற்கின்றன. குறுந்தொகையில் கவலைக் கிழங்கைத் தோண்டிய குழி ஓர் உவமைக் களமாக வருகிறது. கமலையின் நிலை இன்னும் விந்தையானது: அகராதியைப் புரட்டுபவருக்கு முதலில் கிடைப்பவை திருமகளும் திருவாரூரும்தான். காவிரி வாய்க்கால் பாயும் திருவாரூர்ப் பகுதியில் ஆழ்கிணற்று மாட்டிறைப்புக்குத் தேவையே எழாததால், கமலை என்னும் ஊர்ப்பெயரும் கமலை என்னும் கருவிப்பெயரும் ஒருவர் பேச்சில் மோதிக்கொள்ளும் வாய்ப்பு அரிது. சால் என்ற சொல்லுக்கும் இதே இரட்டை வாழ்வு உண்டு: உழவன் வாயில் அது கலப்பை கிழித்த கோடு, இறைப்பவன் வாயில் அது நீர் மொள்ளும் கலம். காலையில் உழுது மாலையில் இறைப்பவர் இரண்டையும் ஒரே நாளில் ஒரு குழப்பமும் இன்றிச் சொல்லிவிடுவார்.

பழைய நூல்களில் இக்கருவியைத் தேடுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆம்பி, கிழார், ஏத்தம் போன்ற நீரிறைப்புப் பெயர்கள் பழந்தமிழில் உள்ளன. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை இம்மூன்றையும் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அங்கே பேசப்படுவது காவிரி பாயும் வளநாடு; மேட்டுநிலத்து ஆழ்கிணறு அன்று. பதிற்றுப்பத்தில் பாலைக்கௌதமனார் பாடிய ஒரு பாட்டில், ஆநிரை மிகுந்த கொங்கர் வன்னிலத்தில் தோண்டிய கிணறும் கயிறும் நீர் முகக்கும் சிறுகலமும் வருகின்றன. கொங்கு நாட்டுக் கவலையின் தொல்சான்று என இதை எடுத்துக்காட்ட ஆசை எழுவது இயல்பு. ஆயினும் அப்பாட்டில் கலத்தை மொய்ப்பவை நீர் குடிக்க வந்த மாடுகள். கயிற்றை இழுக்கும் மாடுகள் அல்ல. அது நிலத்துக்கு நீர் பாய்ச்சும் காட்சியும் அன்று. இடைக்காலச் செப்பேடுகளில் நீர் எடுப்பதற்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளில் குற்றேத்தம், கூடைநீர் போன்ற சொற்கள் வருகின்றன. அவையும் வாய்க்காலிலிருந்து கையால் நீர் ஏற்றுவதையே கருதுகின்றன. கொடையளிக்கப்பட்ட ஊர்கள் பெரும்பாலும் ஆற்றுப்பாசன ஊர்கள் என்பதால் கல்லும் செம்பும் கவலையைப் பற்றிப் பேசாமல் போனது வியப்பன்று. எழுத்து நெல் விளையும் இடத்தில் பிறந்தது. கவலை கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் இடத்தில் ஓடியது.

ஆங்கில ஆட்சிக்கால ஆவணங்களுக்கு வந்தால் குழப்பம் வேறு விதமாகிறது. ஏற்றத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பிக்கோட்டா என்ற பெயர் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கவலைக்கு அவர்கள் எழுதியது மோட் என்பது. அது மராத்தியும் இந்தியும் வழங்கும் சொல். தமிழ் மாவட்டத்தின் கிணறுகளைத் தமிழர் யாரும் சொல்லாத ஒரு மராத்திச் சொல்லால் எண்ணி, ஒற்றை மோட், இரட்டை மோட் என்று அறிக்கைகளில் பதிந்தார்கள். மலையாளத்தில் காளத்தேக்கு என்றும், வடநாட்டில் சரஸ் என்றும், புர் என்றும் இதற்குப் பெயர்கள் இருக்க, நிர்வாக வசதிக்காக ஒரே சொல் நாடு முழுவதும் ஒட்டப்பட்டதால், பிற்காலத்தில் ஆங்கில மூலங்களை மட்டும் படித்து வேளாண் வரலாறு எழுதியோர் கவலை, கமலை என்ற சொற்களை அறவே விட்டுவிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின் கொண்டு நீர் இறைக்கும் முயற்சிகளை முன்னெடுத்த ஆல்பிரட் சாட்டர்டன் போன்ற அதிகாரிகளின் காலத்தில் மாட்டு இறைப்பு மோட் என்ற பெயரில்தான் எஞ்சினோடு ஒப்பிடப்பட்டது. மோட் போய் மோட்டார் வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்; இரு சொற்களுக்கும் ஒலி தவிர வேறு உறவில்லை.

சொல்லின் பொருளுக்குள் உழைப்பின் பிரிவினையும் அடங்கியிருக்கிறது. வேளாளக் குடியானவர் கிணற்றுக்கும் மாட்டுக்கும் உரிமையாளராக இருக்க, தோலைப் பதப்படுத்திச் சாலும் குழாயும் வாரும் தைத்துத் தந்தோர் கொங்கு நாட்டில் மாதாரி என வழங்கப்பட்ட அருந்ததியர். கிழிந்த தோல்குழாயைச் செப்பனிடுவது ஆண்டு முழுவதும் ஓயாத வேலை. குழாயில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் சால் மேலே வருவதற்குள் நீர் ஒழுகி மாட்டின் உழைப்பு வீணாகும். இதற்குக் கூலி பெரும்பாலும் களத்தில் தானியமாக அளக்கப்பட்டது. கவலை ஓட்டும் ஆளாகவும் பல பண்ணைகளில் அவர்களே இருந்தனர். கவலையின் உறுப்புப் பெயர்களில் தோலைச் சார்ந்தவற்றையெல்லாம் துல்லியமாக அறிந்தோர் அவர்கள். அகராதிக்காகச் சொல் திரட்டியோர் நில உரிமையாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டபோது இந்தச் சொற்கள் பாதி நழுவிப்போனது இயல்பே.

தொழிற்சொற்களை வட்டாரவாரியாகத் திரட்டும் பணியில் தென்னிந்தியாவில் முன்சென்றது தெலுங்கு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962 இல் வெளியிட்ட தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி வேளாண்மைக்கே ஒதுக்கப்பட்டு, மாவட்டந்தோறும் ஒரு கருவியின் ஒவ்வோர் உறுப்புக்கும் என்ன பெயர் என்பதைத் தேடிப் பதிந்தது. தமிழில் அந்த அளவிலான நிறுவன முயற்சி வேளாண் சொற்களுக்கு வாய்க்கவில்லை. படைப்பாளிகள்தாம் அந்த இடத்தை நிரப்பினர். கி. ராஜநாராயணன் 1982 இல் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் 2000 இல் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி தந்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஒன்று புரியும்: இரு வட்டாரங்களும் ஒரே வறண்ட மேட்டுநில வேளாண்மையைச் செய்தவை, மாட்டையும் கிணற்றையும் ஒரே அளவு நம்பியவை, ஆனால் சொற்களில் வேறு வேறு. அகராதிக்காரர்கள் தாமே அந்த வாழ்வுக்குள் பிறந்தவர்கள் என்பதால் பொருள் விளக்கத்தில் பிழை நேர்வதில்லை. அதே காரணத்தால், தங்களுக்குச் சொல்லாமலே விளங்கும் உறுப்புகளை விளக்காமல் விட்டுவிடுவதும் நேர்கிறது. படம் இல்லாத அகராதியில் தும்பிக்கும் வால்கயிற்றுக்கும் உள்ள உறவை, கவலையைக் கண்ணால் காணாத ஒருவர் எப்படி அறிந்துகொள்வார் என்பது நியாயமான கேள்வி.

அப்படிக் காணாதவரே இன்று பெரும்பான்மை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கிக் கோவைப் பகுதிக்கு மின்சாரம் எட்டியதும், அந்நகரிலேயே பம்புகளும் மோட்டார்களும் செய்யும் தொழில் வளர்ந்ததும், கவலை அதிகம் ஓடிய வட்டாரத்திலேயே அதற்கு மாற்றும் பிறக்கக் காரணங்களாயின. விடுதலைக்குப் பின் ஊர்ப்புற மின்மயமாக்கம் விரைந்தது; 1990 இல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமானபோது மாட்டைப் பூட்டி இறைப்பதற்கு இருந்த கடைசிக் காரணமும் போயிற்று. அதற்கு முன்பே நீர்மட்டம் கவலையின் எட்டுக்கு அப்பால் இறங்கிவிட்ட இடங்களும் பல. மோட்டார் வந்ததும் கிணற்றை எண்ணும் முறை மாறியது. நான்கு கவலைக் கிணறு என்று சொன்ன வாயே அஞ்சு எச்பி கிணறு என்று சொல்லத் தொடங்கியது. மாட்டின் எண்ணிக்கையால் அளந்ததைக் குதிரையின் வலிமையால் அளக்கும் இம்மாற்றத்தில், கிணற்றை இழுப்பு வலுவால் மதிப்பிடும் பழைய பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்திருப்பது கவனிக்கத் தக்கது. கிணற்றிலிருந்து ஆழ்துளைக்கு நகர்ந்தபின் அளவு அடிக்கணக்காகிவிட்டது. ஊற்றின் வளத்தைச் சொல்லாமல் துளையின் ஆழத்தைச் சொல்வது செல்வத்தைச் சொல்லாமல் செலவைச் சொல்வது போன்றது.

சால்கள் பழைய இரும்புக்குப் போயின, கல்கால்கள் சில வீட்டுத் திண்ணைகளுக்குப் படியாயின, வாரிகள் சமன்செய்யப்பட்டு உழவுக்கு வந்தன. சொல் மட்டும் பத்திரப் பதிவு அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலம் கைமாறும்போது மூலப் பத்திரத்தின் சொத்து விவரம் புதிய பத்திரத்துக்கு வரிக்கு வரி பெயர்த்தெழுதப்படுவதால், கிணற்றில் நீரே இல்லாத, மேலே வாரியின் சுவடும் இல்லாத புலங்களுக்கும் கவலை இறைக்கும் மாமூல் பாத்தியம் விலைக்கு வாங்கப்படுகிறது. வாங்குபவர் அச்சொல்லை மனத்துயர் என்று படித்துவிட்டு எழுத்தரிடம் பொருள் கேட்பதும் நடக்கிறது.